கண்ணாடிப் படகில் மூன்று கைகள்

கல்மேட்டுத் தோட்டத்து முனியாண்டிக்கு நாலு வருஷமாகச் சோறு கிடையாது. சாமி ஏதும் குற்றம் செய்ததாகத் தெரியவில்லை. குடியிருந்த இடம் சரியில்லை, அவ்வளவுதான்.

அது மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் இருந்துகொண்டு சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு பருக்கையும் போய்ச் சேரக்கூடாது என்று அரசாங்கம் முடிவெடுத்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்து, அதில் போலீசையும் நிறுத்தியிருந்தது. வேலிக்குள்ளே அரிசி அளந்து கொடுப்பார்கள். வேலியைத் தாண்டி அரிசி, சோறு, மாவு, வெல்லம் எதுவும் போகக்கூடாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் தேத்தண்ணிப் போத்தலோடுதான் போனார்கள். முனியாண்டியோ கேட்டிலிருந்து கால் மைல் தள்ளி, செம்மண் ரோட்டோரத்தில், மதகுக்குப் பக்கத்துத் தெம்புசு மரத்தடியில் நின்றார். சட்டப்படி பார்த்தால் அவர் நிலைமை ரொம்ப மோசம். வேலிக்கு வெளியே குடியிருப்பு. அடையாள அட்டை கிடையாது. கையில் மூணடி அரிவாள் வேறு. இன்னும் அவரை யாரும் சுடாமல் இருப்பதே பெரிய காரியம் என்று ஆபீஸ் கிராணி திருநாவுக்கரசு சொல்லுவார்.

சுருட்டும் சம்சுச் சாராயமும் மட்டும் உணவுப் பட்டியலில் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் அவை இரண்டும் கேட்டைத் தாண்டிப் போயின. நாலு வருஷமாகச் சாமி புகையிலும் போதையிலுமே காலம் தள்ளினார். பழைய கங்காணியும் அப்படித்தான் இருந்தார் என்பதால் தோட்டத்தில் யாருக்கும் அது பெரிய குறையாகப் படவில்லை.

ராக்கம்மாவுக்கு மட்டும் பட்டது.

ராக்கம்மா, தோட்டத்து லோரி ஓட்டும் சன்னாசியின் மனைவி. ஐம்பத்திரண்டாம் வருஷம் ரெம்பாவிலிருந்து உரமூட்டை ஏற்றிக்கொண்டு வந்த சன்னாசியை, ஒரு வளைவில், மரங்களுக்குள்ளிருந்து யாரோ சுட்டார்கள். முன்கண்ணாடி தூள்தூளானது. தொப்பியில் ஓர் ஓட்டை விழுந்தது. தலையில் விழவில்லை. தொப்பியைக் கையில் வாங்கி, அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே ராக்கம்மா வேண்டிக்கொண்டாள்: முனியாண்டி காலடியில் ஒரு பானை சர்க்கரைப் பொங்கல் வைப்பேன், அது வைக்கும்வரை இனிப்பு என் நாக்கில் படாது. அடுத்த மாதமே வேலியும் சட்டமும் வந்துவிட்டன.

அன்றிலிருந்து அவள் தேத்தண்ணியில் சீனி இல்லை. காலையில் அந்தக் கறுப்புத் தண்ணியை அவள் விழுங்கும்போது, எதிரில் உட்கார்ந்து சீனி போட்டுக் குடிக்கும் சன்னாசி தன் கோப்பையைக் கையால் மறைத்துக்கொள்வான். லோரி வெளியே கிளம்பினால், அவள் கேட்டுக்கு உள்புறம் வந்து நிற்பாள். திரும்பி வந்தால் அங்கேயேதான் நிற்பாள். டயர் வெடித்தாலும், தலைவலி வந்தாலும், ஒருமுறை மாடு குறுக்கே ஓடியபோதும், அவளுக்குக் காரணம் ஒன்றுதான்: கடன் நிற்கிறது.

சாமியைப் பெயர்த்து வேலிக்குள் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று ஒருமுறை சன்னாசி சொல்லிப் பார்த்தான். காவல்காரனை வீட்டுக்குள் படுக்க வைப்பார்களா என்று கேட்டாள். வீட்டிலேயே பொங்கி, மதகு இருக்கிற திசையைப் பார்த்துக் காட்டினால் என்ன என்று கேட்டான். அன்று மட்டும் அவள் அவனுக்கும் சீனி போடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான், ஐம்பத்தாறில், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் படகு வந்து சேர்ந்தது.

சிங்கப்பூரில் கப்பற்படை அதிகாரி ஒருவர் ஊருக்குத் திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போனது அது. சன்னாசிதான் லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தான். பதினாலடி நீளம். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது பத்து வருஷம் வெள்ளையடிக்காத சுவர்போல வெளிறி, தொட்டால் கையெல்லாம் மாவு ஒட்டியது. இது மரமல்ல, கண்ணாடி நூலும் பிசினும் சேர்த்துச் செய்தது, சீமையிலேயே இது புதுசு என்று துரை எல்லாருக்கும் விளக்கினார். தோட்டத்துத் துரைகள் தமிழ்ப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவர்கள். அந்தத் தமிழில் கண்ணாடி என்ற வார்த்தை மட்டும் எல்லாருக்கும் தெளிவாக விளங்கியது. சாயங்காலம் லயமே திரண்டு வந்து, இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெரிகிறதா என்று பார்த்தது. தெரியவில்லை. பால்காட்டில் வேலை செய்யும் தாயம்மா ஒரு கல்லை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, உடையவுமில்லை, துரைக்குக் கண்ணாடி என்று சொல்லி எவனோ தலையில் கட்டிவிட்டான் என்று தீர்ப்புச் சொன்னாள்.

மூன்று வாரத்தில் போர்ட்டிக்சன் கடற்கரையில் படகுப் போட்டி. சுற்றுவட்டாரத்துத் துரைமார்கள் எல்லாரும் வருவார்கள். துரையின் காரை முகம் பார்க்கிற மாதிரி வைத்திருக்கும் சன்னாசி இதையும் அப்படி ஆக்க வேண்டும் என்று துரை கேட்டுக்கொண்டார். அதாவது, உத்தரவு போட்டார்.

சன்னாசி தொப்பியைக் கழற்றினான். அதே ஓட்டைத் தொப்பி. அதைக் காட்டியே கேட்டான்: ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு பானைப் பொங்கலை மதகுவரை கொண்டுபோய் வர, போலீஸ் பெரிய அதிகாரிக்குத் துரை ஒரு கடிதம் கொடுக்க வேண்டும்.

துரை யோசித்தார். பிறகு தன் பரீட்சைத் தமிழில் கேட்டார். "சாமி சோறு திங்குமா?"

"திங்காது தொரை. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துரும். திங்கிறது நாங்கதான்."

"அப்போ எடை குறையாது?"

"ஒரு குந்துமணி குறையாது தொரை," என்றான் சன்னாசி, வேகமாக.

படகு பளபளவென்று போர்ட்டிக்சன் போனால் கடிதம் உண்டு என்று துரை வாக்குக் கொடுத்தார். சன்னாசி வீட்டுக்கு வந்து சொன்னதும், ராக்கம்மா பித்தளைப் பானையை இறக்கிப் புளி போட்டு விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

படகு வேலை கார் வேலை மாதிரி இல்லை. லோரிக் கொட்டகையில் படகைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, முதலில் பாசியையும் அழுக்கையும் கழுவி எடுக்க இரண்டு நாள். பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். வெயில் தின்ற மேல்தோல் பாலாகக் கரைந்து ஓடும். வேர்வையைத் துடைக்கக் கையைக் கொண்டுபோய், சன்னாசி நெற்றியெல்லாம் பட்டை போட்டதுபோல வெளுத்துக் கிடப்பான். கிராணி திருநாவுக்கரசு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று, சாமி எப்போது மலை இறங்கினீர்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போவார்.

பட்டையாவது பரவாயில்லை. மேல்தோல் மெலிந்துபோன இடங்களில் உள்ளே இருந்த கண்ணாடி நூல் தலைகாட்டியது. அது கண்ணுக்குத் தெரியாத முள். தேய்த்த தூள் கழுத்தில், முழங்கை மடிப்பில், இடுப்பு வேட்டிக் கட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, மனிதனைக் குரங்காட்டம் போடவைத்தது. துரை முன்னால் நின்று பதில் சொல்லும்போதுகூடச் சன்னாசி ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்தான். முனியாண்டி பேரைச் சொல்லித் துரையிடம் பேரம் பேசினால் அரிக்காமல் என்ன செய்யும் என்று கிராணி கேட்டார். ராக்கம்மா அப்படி ஏதும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் நனைத்த துணியால் அவன் முதுகைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தேய்த்தால் முள் உள்ளே போகும், ஒற்றினால் துணியோடு வந்துவிடும் என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்திருந்தாள்.

நூல் தெரிந்த இடங்களுக்குத் துரை கொடுத்த டின்னிலிருந்து வெள்ளைப் பிசினைக் குழைத்துப் பூசி, அது இறுகியதும் மறுபடி தேய்த்து, அப்புறம் காருக்குப் போடும் அரைப்பசையை ஈரத்துணியில் தொட்டு வட்டவட்டமாகத் தேய்த்து, பதினெட்டாம் நாள், ஒரு புதன்கிழமை, படகு கோழிமுட்டை மாதிரி வெள்ளையாக நின்றது. மெழுகு போடவேண்டியதுதான் பாக்கி. மெழுகு போட்டால் மேலே தண்ணீர் நிற்காது, கறை பிடிக்காது, முகம் தெரியும். மெழுகு டின் காலியாகியிருந்தது. சன்னாசி படகை நிமிர்த்தி வைத்துவிட்டு, மெழுகு வாங்க லோரியை எடுத்துக்கொண்டு லுக்குட் கடைத்தெருவுக்குப் போனான்.

அவன் போன நேரத்தில்தான் ராக்கம்மா கொட்டகைக்கு வந்தாள்.

அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. புது லோரி வந்தபோது அதன் மூக்கில் மஞ்சள் வைத்தவள் அவள்தான். துரையின் காருக்கும் ஆயுதபூசை அன்று வைத்திருக்கிறாள்; துரை ஒன்றும் சொன்னதில்லை. தையல் மிசினுக்கு வைத்திருக்கிறாள். பால் காயவைக்கும் ஆலைக்கும் வைத்திருக்கிறாள். தண்ணீரில் போகப்போகிற வண்டி, அதுவும் தன் நாலு வருஷத்துக் கடனைத் தலையில் சுமந்துகொண்டு போகப்போகிற வண்டி, வெறும் மூக்கோடு போகலாமா? கிண்ணத்தில் மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, உள்ளங்கை நிறையப் பூசி, படகின் முன்பக்கத்தில் அழுத்தமாக மூன்று கைகள் வைத்தாள். கடலில் துரை விழுந்துவிடக் கூடாது என்று அவருக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டாள். துரை விழுந்தால் கடிதம் யார் எழுதுவது?

சன்னாசி திரும்பி வந்து பார்த்தபோது மஞ்சள் காய்ந்துபோயிருந்தது. துணியால் துடைத்தான். மஞ்சள் உதிர்ந்தது, கறை உதிரவில்லை. மெழுகு போடாத தோல். அரைப்பசை போட்டுத் திறந்து வைத்த தோல். மூன்று நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி மஞ்சளைக் குடித்திருந்தது. அவன் பெண்டாட்டியைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. துணி துவைக்கும் சவுக்காரக் கட்டியை எடுத்து, வாளித் தண்ணீரில் நன்றாக நுரைக்கக் கரைத்து, மூன்று கைகள் மேலும் தேய்த்தான்.

தேய்க்கத் தேய்க்க, மஞ்சள் கைகள் சிவந்தன. முதலில் செங்கல் நிறம். பிறகு வெற்றிலை எச்சில் நிறம். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் பின்னால் நகர்ந்து பார்த்தபோது, துரையின் வெள்ளைப் படகின் முகப்பில், ரத்தத்தில் தோய்த்து அறைந்ததுபோல, மூன்று சிவப்புக் கைகள் வழிந்துகொண்டிருந்தன.

அந்தக் காலத்தில் சிவப்பு என்பது சும்மா ஒரு நிறமில்லை; காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளின் கொடி நிறம். சிவப்புத் துணி காயப்போட்டதற்கே கெமாஸ் பக்கத்தில் ஒருவனைக் கூட்டிக்கொண்டுபோய் விசாரித்தார்கள் என்று பேச்சிருந்தது. கொட்டகைப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்த காவல்காரன் ஒருவன் படகைப் பார்த்தான். சன்னாசியின் கையிலிருந்து சொட்டும் சிவப்புத் தண்ணீரைப் பார்த்தான். தண்ணீர் குடிக்காமலே விசிலை ஊதினான்.

ஐந்து நிமிஷத்தில் கேட்டுக் காவலுக்குத் தலைவரான கோப்ரல் உத்மான் துப்பாக்கியோடு வந்துவிட்டார். கோலா பிலா பக்கத்து மலாய் முஸ்லிம். லயத்துப் பெண்களின் வெற்றிலைப் பையைச் சோதித்தால், அவிழ்த்த முடிச்சைத் திரும்பவும் தானே கட்டிக் கொடுக்கிற மனுஷன். அவருக்குப் பின்னால் கிராணி. கிராணிக்குப் பின்னால் பால்காட்டிலிருந்து துரை. துரை வெயிலில் வந்ததால் ஏற்கெனவே சிவப்பு. படகைப் பார்த்ததும் அந்த மூன்று கைகளுக்கும் அவர் முகத்துக்கும் நிறத்தில் வேறுபாடு இல்லாமல் போனது.

யார் இந்தக் கைகளை வைத்தது, யாருக்கு எச்சரிக்கை, எந்தப் பக்கமாக உள்ளே வந்தார்கள் என்று துரை கேட்டுக்கொண்டே போனார். உண்மையைச் சொன்னால் ராக்கம்மாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டால் தன்னை. சன்னாசி தன் கையையே நீட்டினான். நான்தான் வைத்தேன் என்றான்.

கோப்ரல் அவன் கையைப் பிடித்துப் படகில் இருந்த கை மேல் வைத்துப் பார்த்தார். சன்னாசியின் விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு கணு நீளமாக இருந்தன. கிராணி தன்னையறியாமல் இருமினார்.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டு ராக்கம்மா வந்தாள். கையில் மஞ்சள் இன்னும் இருந்தது. படகைப் பார்த்தாள், சவுக்கார வாளியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"சவுக்காரமா போட்டீங்க? கல்யாணத்திலேர்ந்து எத்தனை தடவை ஆரத்தி எடுத்திருப்பாங்க ஒங்களுக்கு? மஞ்சத்தண்ணியிலே சுண்ணாம்பு போட்டா எப்பிடிச் செவக்கும்னு தெரியாதா? இந்த ஆம்பளைங்களுக்கு ஆரத்திக்கு நிக்கத்தான் தெரியும்."

சொல்லிக்கொண்டே முந்தானையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எலுமிச்சம்பழம் கேட்டுக்கு உள்ளேதானே இருந்தது. கடித்துப் பிளந்து, ஒரு கையின் மேல் தேய்த்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சிவப்புக் கை பின்வாங்கி மஞ்சள் கையாக மாறியது. தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் காட்டினாள். அளவு சரியாக இருந்தது.

துரைக்கு அது இன்னும் பெரிய சதி மாதிரி தோன்றியிருக்க வேண்டும். வாயைத் திறந்தார். அதற்குள் கோப்ரல் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் தோளில் மாட்டினார்.

"குன்யிட் லா, துவான்," என்றார். மஞ்சள்தான், துரை. அப்புறம் மலாயில் நீளமாக விளக்கினார்: தன் வீட்டிலும் அம்மியில் மஞ்சள் அரைத்த கையோடு சவுக்காரத்தைத் தொட்டால் இப்படித்தான் ஆகும், மனைவி சட்டையெல்லாம் இப்படிச் சிவந்திருக்கிறது, இதற்கு ரிப்போர்ட் எழுதினால் முதலில் தன் மனைவியைத்தான் பிடிக்கவேண்டும். எழுத அவரிடம் புத்தகம் இருந்தது. பையிலிருந்து அதை அவர் எடுக்கவே இல்லை.

சதி போனது, கறை இருந்தது. மூன்று கைகளையும் எலுமிச்சையால் மஞ்சளாக்கியாயிற்று. அதற்குமேல் அது நகரவில்லை. சனிக்கிழமை காலை இந்த மஞ்சள் அதில் இருந்தால் கடிதம் இல்லை என்று துரை சொல்லிவிட்டுப் போனார். குரலை உயர்த்தாமல் சொன்னார். அதனால் நிச்சயம் அப்படித்தான் செய்வார் என்று சன்னாசிக்குத் தெரிந்துவிட்டது.

உப்புத்தாள் போட்டுச் சுரண்டினால் பிசின் போய் நூல் வெளியே வந்துவிடும். சன்னாசி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ராக்கம்மா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் குரல் தணிந்து கேட்டது. தானே தன் வேண்டுதலைக் கெடுத்துக்கொண்டதாகச் சொன்னாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, மஞ்சள் புடவையை நிழலில் காயப்போடச் சொல்வது எதற்காம் என்று தனக்குத்தானே கேட்டாள். வெயிலில் போட்டால் மஞ்சள் ஓடிப்போகும். ஓடட்டும்.

வியாழக்கிழமை காலையில் படகை நாலுபேர் தூக்கி, ரப்பர் ஷீட் உலர்த்தும் வெளியில் கொண்டுபோய், மூக்கைச் சூரியனுக்கு நேரே வைத்தார்கள். சூரியன் நகர நகரப் படகும் நகர வேண்டும். சன்னாசிக்கு அன்று ரெம்பாவுக்கு லோரி. என்ன ஆகிறதோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனான். திரும்பி வந்து பார்த்தால் படகின் மூக்கு மேற்கே பார்த்து இருந்தது. பால் வெட்டி வந்த பெண்கள், வாளியை இறக்கி வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். கண்ணாடியே இல்லை என்று சொன்ன தாயம்மா இரண்டு தடவை வந்து தள்ளினாளாம். ஆட்டுக்குட்டிகள் ஏறி விளையாடாமலிருக்கக் கோப்ரல் ஒரு காவல்காரனை அங்கே நிற்க வைத்திருந்தார், விசில் ஊதியவனையே. மூன்று மணிக்கு மழை வந்தது. கைகள் வெளிறியிருந்தன, ஆனாலும் விரல்களை எண்ணலாம்.

வெள்ளிக்கிழமை முழுக்க ராக்கம்மா முனியாண்டியிடம் வெயில் கேட்டாள். பட்டினி போட்டுவிட்டு உதவி கேட்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் கேட்டாள். வானம் ஒரு மேகம் இல்லாமல் காய்ந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சன்னாசி பக்கத்தில் போய்ப் பார்த்தான், சாய்ந்து பார்த்தான், மண்டியிட்டுப் பார்த்தான். விளிம்புக்குக் கீழே, வெயில் படாத மடிப்பில், ஒரு விரல் நுனி மட்டும் வெளிர்மஞ்சளாக இருந்தது. அதன்மேல் மெழுகைப் பூசி, துணியால் தேய்த்து, படகு முழுவதையும் முகம் தெரிகிற மாதிரி ஆக்கினான். முகத்தில் பட்டை இல்லாமல் தன்னைப் பார்த்து மூன்று வாரமாகிறது என்று அப்போதுதான் நினைவு வந்தது.

போர்ட்டிக்சனில் ஐந்து படகுகள் ஓடின. துரை நாலாவதாக வந்தார். ஐந்தாவது கவிழ்ந்துவிட்டது. ஆனால் கரையில் நின்ற அத்தனை துரைமார்களும் துரைசானிமார்களும் இதைத்தான் தடவிப் பார்த்து, எந்தக் கம்பெனியில் கொடுத்துப் புதுப்பித்தீர்கள் என்று கேட்டார்கள். துரை திரும்பும்போது லோரியில் சன்னாசி பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். தோட்டத்துக் கேட்டு தெரிந்ததும் சொன்னார்.

"கீழே ஒரு வெரல் இருக்கு. நான் பாத்தேன். அது இருக்கட்டும். நான் கவுந்து போகல்லே."

திங்கட்கிழமை கடிதம் போனது. மறு திங்கட்கிழமை பதில் வந்தது. கிராணி அதை ஆபீஸ் படிக்கட்டில் நின்று, கழுத்தை நீட்டிப் படித்து, தமிழிலும் சொன்னார். பகலில் ஒரு மணி நேரம். ஒரே ஒரு பானை. புருஷன், மனைவி, கோப்ரல், வேறு யாரும் கூடாது. போகும்போது பானையை எடைபோட வேண்டும்; வரும்போதும் எடைபோட வேண்டும்; எடை குறையக் கூடாது, 'மேற்படி தெய்வம் உணவு உட்கொள்வதில்லை எனத் தோட்ட நிர்வாகம் உறுதியளித்திருப்பதால்.' குறைந்தால் பானை கொண்டுபோனவர்கள் மேல் வழக்கு.

சன்னாசி தன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பொங்கலுக்கு வேண்டிய அரிசி அவர்கள் பங்கில் இல்லை. சொல்லாமலே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி வந்தது. அளந்து வாங்கிய அரிசியில் ஒரு கைப்பிடி என்பது ஒரு வாய் குறைவது. யார் வீட்டு அரிசி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே பானையில் குழைந்தது. ரப்பர் கட்டி நிறுக்கும் பலகைத் தராசைக் கேட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கிராணி காதில் பென்சிலோடு நிறுத்தார். இருபத்தோரு ராத்தல். ஆவி போனால் எடை குறையுமே, அதற்கு யார் பொறுப்பு என்று சன்னாசி கேட்டான். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு போ என்றார் கிராணி.

தெம்புசு மரத்தடியில் நாலு வருஷத்துச் சுருட்டுச் சாம்பல் குவிந்து கிடந்தது. ராக்கம்மா கூட்டினாள், கல்லைக் கழுவினாள், பொட்டு வைத்தாள். கோப்ரல் பத்தடி தள்ளி, அவர்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, ரப்பர் மரங்களைக் காவல் காத்தார். கற்பூரம் காட்டி முடிந்தது. சன்னாசி பானையை எடுக்கக் குனிந்தான். ராக்கம்மா வாழையிலையை விரித்து, கரண்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்தாள்.

"எடை," என்றான் சன்னாசி, கோப்ரலுக்குக் கேட்காத குரலில். "கொறஞ்சா கேசு."

"நாலு வருசம் பட்டினி போட்டுட்டு, சும்மா காட்டிட்டு எடுத்துக்கிட்டு வான்றீங்களா? அவரு என்ன காசு குடுத்து சினிமாவா பாக்குறாரு?" இலையைக் கல்லுக்கு அருகே தள்ளி வைத்தாள். "ஒங்க உயிரைக் குடுத்தப்போ அவரு அளந்தா குடுத்தாரு? கேசு வந்தா நான் போறேன்."

திரும்பி வரும்போது கால் மைலும் சன்னாசிக்கு மூன்று மைலாக இருந்தது. பானை இலேசாக இருந்தது. அவ்வளவு இலேசாக இருக்க முடியாது, பயத்தில்தான் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்தான். தராசில் வைத்ததும் அது பயமில்லை என்று தெரிந்தது. தராசுக் கோல் தலையைத் தொங்கப் போட்டது. ஒன்றரை ராத்தல் குறைவு. கேட்டுக்கு உள்ளே லயமே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கிராணி காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

கோப்ரல் உத்மான் சரியாகப் பார்ப்பவர்போல ஓர் அடி முன்னால் வந்து குனிந்தார். அவருடைய பூட்ஸ் நுனி தராசுப் பலகையின் ஓரத்தில் மெதுவாக ஏறி உட்கார்ந்தது. கோல் தலையைத் தூக்கியது. கொஞ்சம் அதிகமாகத் தூக்கியது. பூட்ஸ் ஒரு நூல் பின்வாங்கியது. கோல் நேராக நின்றது.

கிராணி கோலைப் பார்த்தார். கீழே பூட்ஸைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளாமலே எழுதினார்.

"இருபத்தொண்ணு. சரியா இருக்கு."

சாமி ஒன்றும் சாப்பிடவில்லை, துவான் சொன்னது சரிதான் என்று கோப்ரல் மலாயில் சொல்லிவிட்டுக் காலை எடுத்துக்கொண்டார். ராக்கம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவரிடம் நீட்டினாள். சாமி முன்னால் வைக்காமல், வீட்டிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போன சீப்பு என்று சன்னாசியை மலாயில் சொல்லச் சொன்னாள். கோப்ரல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பொங்கல் கம்பிக்கு உள்ளே போய், வீட்டுக்கு ஒரு கரண்டி என்று பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. பானையை வழித்துக் கடைசியில் ராக்கம்மா தன் நாக்கில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் தன் தேத்தண்ணியில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கி, ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது, பாகு மாதிரி. இதையா நாலு வருசமா என் எதிர்ல உக்காந்து குடிச்சீங்க?"

மிச்சத்தைச் சன்னாசிதான் குடித்தான். அவனுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

அன்று லுக்குட்டுக்கு லோரி. கேட்டில் ராக்கம்மா நிற்கவில்லை. வீட்டிலேயே இருந்தாள், துணி துவைக்க நிறையக் கிடந்தது. நாலு வருஷமாக அவள் நின்று பார்த்துப் பழகிய இடம் வெறுமையாக இருந்தது சன்னாசிக்கு என்னவோபோல இருந்தது. கோப்ரல் உத்மான் மட்டும் கம்பைத் தூக்கி வழிவிட்டு, கையையும் தூக்கினார். சன்னாசி ஹாரனை ஒரு தடவை அடித்தான்.

மதகுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தான். இலை இருந்தது, அதில் ஒரு பருக்கையும் இல்லை. காக்கையா, நரியா, காட்டுக்குள்ளிருந்து வந்த யாராவதா, சாமியேதானா என்று விசாரிக்க அவன் இறங்கவில்லை. ஹாரனை இன்னொரு தடவை அடித்துவிட்டு, ஓட்டைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.